மழைக் கணிப்பு வெள்ளக் கணிப்பு ஆகாது

ஒவ்வொரு பெருவெள்ளம் வடிந்த பிறகும் தமிழ்நாட்டில் ஒரே விவாதம்தான் நடக்கிறது. வானிலை ஆய்வு மையம் ரெட் அலர்ட் கொடுத்ததா, எத்தனை மணிக்குக் கொடுத்தது, எத்தனை சென்டிமீட்டர் என்று சொன்னதா? 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியபோது, எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை, வந்ததும் இவ்வளவு மழையைச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. பல நாள் முன்பே சொல்லியாயிற்று, 17ஆம் தேதியே சிவப்பு எச்சரிக்கையும் விட்டாயிற்று என்றது ஒன்றிய அரசு. இரு தரப்பும் மோதிக்கொண்டாலும் இருவருக்கும் நம்பிக்கை ஒன்றே: மழையின் அளவை முன்கூட்டித் துல்லியமாகச் சொல்லிவிட்டால் வெள்ளச் சேதத்தைத் தடுத்துவிடலாம். ஆகவே இன்னும் நல்ல ரேடார் வேண்டும், இன்னும் பெரிய கணினி வேண்டும். தொலைக்காட்சி விவாதங்கள் சொல்வதும் இதையே. படித்தவர்களில் பெரும்பாலோர் நம்புவதும் இதையே. இந்த நம்பிக்கை தவறானது. ரேடாரும் கணினியும் வேண்டியவைதாம். ஆனால் மழை எவ்வளவு பெய்யும் என்பது ஒரு கேள்வி. தண்ணீர் எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் வரும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் போதுமென்று எடுத்துக்கொள்வதால் உயிர்கள் போகின்றன.

சிவப்பு எச்சரிக்கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடிய அதி கனமழைக்கு வழக்கமாகத் தரப்படும் நிறம் அது. அதற்கு மேல் வேறு நிறம் கிடையாது. 21 செ.மீ.யும் சிவப்பு, 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான 95 செ.மீ.யும் அதே சிவப்பு. அது மாவட்டவாரியாகத் தரப்படுகிறது. மாவட்டம் என்பது வருவாய் நிர்வாகத்துக்காக மனிதர் போட்ட கோடு. தண்ணீர் ஓடுவது வடிநிலத்தின் போக்கில். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர் நீர். அந்த ஒரு கோடி லிட்டர் மண்ணுக்குள் இறங்குமா, குளத்தில் தங்குமா, தெருவுக்குள் வருமா என்பதை மழைமானி சொல்லாது. மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறதா, மேலே உள்ள குளங்கள் நிறைந்து மறுகால் பாய்கின்றனவா, வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, சரிவு எப்படி என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் எட்டு அணைக்கட்டுகள், ஸ்ரீவைகுண்டம் கடைசி. அவற்றின் கால்வாய்களைச் சார்ந்து சங்கிலியாகக் குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். ஒரு குளம் உடைந்தால் அடுத்ததன் கரைக்கும் ஆபத்து. வறண்ட குளங்களின்மேல் பெய்யும் 20 செ.மீ. மழை வரமாகலாம். நிறைந்த குளங்களின்மேல் பெய்யும் 10 செ.மீ. ஊரை அழிக்கலாம். சென்டிமீட்டரை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை அறிய வழியில்லை.

பெய்த இடமும் மூழ்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை 2024இல் ஃபெஞ்சல் புயல் காட்டியது. புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்குப் பெய்தது, அதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். புயலின் மிச்சம் உள்நாட்டுக்குள் நகர்ந்து அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணைக்கு வந்து, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடியாக வெளியேறியது. மூழ்கியவை விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள். அங்கே புயல் மழை ஓய்ந்திருந்தாலும் அவ்வூர் மக்கள் தப்பியிருக்க முடியாது. அவர்களைத் தாக்கியது வேறொரு மாவட்டத்தின் மழை. அதன் பிறகு நடந்த சர்ச்சையும் பழைய பாதையிலேயே போயிற்று. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு; நள்ளிரவில் சொல்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். எச்சரிக்கை எத்தனை முறை என்பதைவிட அதில் என்ன இருந்தது என்பதே முக்கியம். இத்தனை கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும் என்பதே இத்தகைய அறிவிப்புகளின் வழக்கமான வடிவம். 1.68 லட்சம் கன அடி என்றால் தன் வீட்டுத் திண்ணைவரை வருமா, கூரைவரை வருமா என்பது எந்தக் குடும்பத்துக்குத் தெரியும்? கரையோரம் என்பது நூறு மீட்டரா, இரண்டு கிலோமீட்டரா? அந்த விடையைத் தர இன்னும் துல்லியமான மழைக் கணிப்பு தேவையில்லை. அணையின் வெளியேற்றத்துக்கும் ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் நீர் ஏறும் உயரத்துக்கும் உள்ள தொடர்பை முன்பே கணக்கிட்டு வைத்திருந்தால் போதும்.

இதே பாடத்தை ஸ்பெயின் இன்னும் கொடிய விலை கொடுத்துக் கற்றது. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தின் மேட்டுப் பகுதியான தூரீஸில் ஒரே நாளில் 77 செ.மீ. பெய்தது. கீழே வலென்சியா நகரை ஒட்டிய பாய்போர்ட்டாவில் குறிப்பிடும்படி மழையே இல்லை. ஊரின் நடுவே ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் போயோ ஓடையில் மாலையில் வெள்ளம் வந்து தெருக்களுக்குள் புகுந்தது. ஸ்பெயினின் வானிலை நிறுவனம் தவறவில்லை. காலை எட்டு மணிக்கு முன்பே சிவப்பு எச்சரிக்கை விட்டுவிட்டது. மக்களின் கைபேசிகளுக்கு அபாயச் செய்தி போனது இரவு எட்டு மணிக்குப் பிறகு. அதற்குள் பலர் செத்துக்கொண்டிருந்தார்கள். மாகாணத்தில் இறந்தோர் 220க்கும் மேல். வறண்ட தெருவில் நிற்பவரிடம் இன்று கனமழை என்று சொன்னால் அவர் குடையைத் தேடுவார். இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த ஓடையில் தண்ணீர் வரும் என்று சொன்னால்தான் மாடிக்கு ஏறுவார்.

வெள்ளத்தை ஒரே பொருளாகப் பாவிப்பதும் இந்த நம்பிக்கையின் இன்னொரு பிழை. பேராற்று வெள்ளமும் காட்டாற்று வெள்ளமும் வேகத்தில் மட்டும் வேறுபட்டவை அல்ல. முன்னறியும் முறையே வேறு. கபினியில் திறக்கும் நீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி மேட்டூர் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும்; அங்கிருந்து திருச்சி அருகே உள்ள முக்கொம்புக்கு மேலும் நேரம் ஆகும். 2018 ஆகஸ்டில் கர்நாடகத்திலும் வயநாட்டிலும் பெய்த மழையால் காவிரி கரை புரண்டு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. திருச்சியில் அப்போது மழைக் கணிப்பு எதுவும் தேவைப்படவில்லை. வரும் தண்ணீரின் அளவும் நேரமும் மேலே இருந்தே தெரிந்தன. மத்திய நீர் ஆணையம் 1958இல் டெல்லி யமுனையில் தொடங்கிய வெள்ளக் கணிப்பு இந்த அடிப்படையில்தான் வளர்ந்தது. மேல் நிலையத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துக் கீழ் நிலையத்தின் மட்டத்தைச் சொல்வது அதன் வேலை. கணிப்பு 15 செ.மீ.க்குள் பிசகினால் சரி என்று ஏற்கிறார்கள். கங்கைக்கும் பிரம்மபுத்திராவுக்கும் கோதாவரிக்கும் இது நன்றாகவே பயன்படுகிறது. வங்கதேசம் இதில் இன்னும் ஒரு படி மேலே. 2020 ஜூலையில் ஜமுனா என்று அங்கே அழைக்கப்படும் பிரம்மபுத்திராவில் வெள்ளம் உச்சம் தொடுவதற்கு முன்பே, கணிப்பை நம்பி ஐ.நா. அமைப்புகள் நிதியை விடுவித்து, ஆற்றோரக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தன. அதே வங்கதேசத்தில் 2024 ஆகஸ்டில், திரிபுரா மலைகளிலிருந்து இறங்கிய வெள்ளம் ஃபேனி மாவட்டத்தை மூழ்கடித்தபோது லட்சக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். பேராற்றுக்கென வளர்த்த திறமை சிற்றாற்றில் எடுபடவில்லை. நாடு ஒன்று, கணிப்பாளர்களும் அவர்களே. ஆறு மட்டும் வேறு.

சிற்றாறுகளிலும் மலையோடைகளிலும் மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையில் ஆறு மணி நேரம்கூடக் கிடைக்காது. சில இடங்களில் நிமிடங்களே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அப்படிப்பட்ட இடத்தில் மாவட்டத்துக்கு என்ன நிறம் என்பதால் என்ன பயன்? மலைமேல் நீர்மட்டம் ஏறியதும் கீழே தானாக ஒலிக்கும் ஒரு சைரன்தான் அங்கே முன்னறிவிப்பு. அமெரிக்காவின் டெக்சஸில் 2025 ஜூலை 4 அதிகாலை குவாடலூப்பே ஆறு ஒரு மணி நேரத்துக்குள் இருபது அடிக்கு மேல் எழுந்து, கெர் கவுண்ட்டியில் மட்டும் 100க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. உலகிலேயே வசதி மிகுந்த வானிலைத் துறைகளில் ஒன்று அங்கே பணியில் இருந்தது. முந்தின நாள் பிற்பகலிலேயே வெள்ளக் கண்காணிப்பு அறிவித்து, நள்ளிரவு 1.14க்கு நேரடி எச்சரிக்கையும் விட்டார்கள். பெருவெள்ளம் வருவதற்குச் சில மணி நேரம் இருந்தது. கெர் கவுண்ட்டியின் ஆற்றோரத்தில் சைரன் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் பேசி, பணம் இல்லை என்று கைவிட்டிருந்தார்கள். அதே ஆற்றில் கீழே உள்ள கம்ஃபர்ட் என்ற சிற்றூரில் சைரன் இருந்தது, ஊதினார்கள், அங்கே யாரும் சாகவில்லை. ஒரே ஆறு, ஒரே மழைக் கணிப்பு. மழைக் கணிப்பே எல்லாம் என்று வாதிடுவோர் இந்த இரண்டு ஊர்களின் வேறுபாட்டை விளக்க வேண்டும்.

இமயமலையில் மழையே இல்லாமலும் வெள்ளம் வருகிறது. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் பாறையும் பனியும் சரிந்து ரிஷிகங்காவில் விழுந்து 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து சுங்தாங்கில் தீஸ்தா அணையையே அடித்துக்கொண்டு போனது. அங்கே கண்காணிக்க வேண்டியது பனியேரியின் கரையையும் மலைச்சரிவையும்தான்.

இதற்கெல்லாம் வலுவான ஒரு மறுப்பு உண்டு. காயல்பட்டினத்தின் 95 செ.மீ. யாராலும் கற்பனை செய்ய முடியாதது. மழைக் கணிப்பே தவறும்போது அதன்மேல் எழுப்பும் வெள்ளக் கணிப்பு எப்படிச் சரியாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழைக் கணிப்பின் பிழை வெள்ளக் கணிப்புக்குள் வரும்போது சிறு வடிநிலங்களில் பெருகவே செய்யும். ஆனால் முடிவெடுக்க உச்ச அளவு தெரிய வேண்டியதில்லை. எந்த அளவைத் தாண்டினால் கரை தாங்காது என்பது தெரிந்தால் போதும். 95 செ.மீ. ஒரே நொடியில் விழவில்லை. முதல் 20 செ.மீ. விழுந்து, குளங்கள் நிறைந்து, மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் எந்தக் குளத்தின் கீழ் உள்ள ஊர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று சொல்லும் கணக்கு கையில் இருந்திருந்தால், இறுதி அளவு 40 ஆனாலும் 95 ஆனாலும் உயிர்கள் தப்பியிருக்கும். ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு இதற்குச் சான்று. 2021 ஜூலை 14 பிற்பகலில் ஆல்டெனார் நிலையத்தில் ஆறு ஐந்து மீட்டரைத் தாண்டும் என்று கணித்தார்கள். மாலையில் அதை நான்கு மீட்டரளவுக்குக் குறைத்தார்கள். இரவில் மீண்டும் ஏற்றினார்கள். கணிப்பு ஊசலாடியது உண்மை. ஆனால் அங்கே அளவிடத் தொடங்கிய பின் பதிவான மிக உயர்ந்த மட்டம், 2016இல், 3.71 மீட்டர்தான். அதாவது இந்தக் கணிப்புகளில் மிகக் குறைந்ததே வரலாற்றின் உச்சத்தைத் தாண்டியிருந்தது. இருந்தும் மாவட்ட நிர்வாகம் உச்சகட்ட எச்சரிக்கையை அறிவித்தது இரவு 11 மணிக்குப் பிறகே. பள்ளத்தாக்கில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சின்சிக்கில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் மட்டும் பன்னிரண்டு பேர். இதற்கு முன் இல்லாத வெள்ளம் என்றார்கள். 1804இலும் 1910இலும் அதே பள்ளத்தாக்கில் பேரழிவு வெள்ளங்கள் வந்திருக்கின்றன. பிற்காலத்து அளவீடுகளை மட்டும் வைத்து வரைந்த அபாய வரைபடத்தில் அவற்றுக்கு இடம் தரவில்லை, அவ்வளவுதான். தாமிரபரணியும் 1992 நவம்பரில் இப்படிப் பெருக்கெடுத்த ஆறே.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது இப்போது பரவிவரும் புதிய நம்பிக்கை. கூகுள் ஆய்வாளர்கள் 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 5,680 அளவை நிலையங்களின் தரவில் பயிற்றுவித்த மாதிரி, அளவைக் கருவியே இல்லாத ஆறுகளிலும் பெருவெள்ளத்தை ஐந்து நாள் முன்பு நம்பத்தக்க அளவில் சொல்ல முடியும் என்று காட்டியது. ஆப்பிரிக்காவின் பல ஆறுகளுக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் அந்த மாதிரி நாளொன்றுக்கு ஒரு மதிப்பு என்ற கணக்கில் ஆற்றோட்டத்தைச் சொல்வது. ஒரு மணி நேரத்தில் வந்து வடியும் காட்டாற்றுக்கு நாள் கணக்கு உதவாது. அதோடு, நீர்ப்பாசனக் குளத்தின் கரை எங்கே பலவீனம், அணைப் பொறியாளர் எத்தனை மணிக்கு மதகைத் திறப்பார் என்பவை உலகளாவிய தரவுக்குள் இல்லை. தமிழகத்து வெள்ளத்தின் பெரும்பகுதி மனிதர் கட்டிய கரைகளுக்கும் மதகுகளுக்கும் இடையே நடப்பது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் 29,000 கன அடி விடப்பட்டதைத் தணிக்கை அறிக்கை கடுமையாகச் சாடியது நினைவிருக்கும். அந்த முடிவு இருந்தது கோப்பில். எந்தச் செயற்கைக்கோளுக்கும் அது தெரிந்திருக்காது.

அடிக்கடி எச்சரித்தால் மக்கள் நம்பமாட்டார்கள், பீதி பரவும் என்ற தயக்கம் அதிகாரிகளிடம் ஆழமாக இருக்கிறது. மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக விடும் எச்சரிக்கைக்கு இது பொருந்தும். பத்துக்கு ஒன்பது ஊர்களில் ஒன்றும் நடக்காதபோது அந்த ஒன்பது ஊர்களும் அடுத்த முறை அசட்டையாக இருக்கும். அதற்கு மருந்து எச்சரிக்கையைக் குறைப்பது அல்ல. எச்சரிக்கையை ஊர் அளவுக்கு, தெரு அளவுக்கு நெருக்கமாக்குவது. ஒடிசா 2013இல் பைலின் புயலுக்கும் 2019இல் ஃபானி புயலுக்கும் பத்து லட்சம் பேர் அளவிலும் அதற்கு மேலும் இடம்பெயர்த்தது. அவர்களில் பலருடைய வீடுகளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். யாரும் அதைப் பீதி என்று சொல்லவில்லை. உயிரிழப்பு குறைந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். மக்கள் நம்பிக்கை இழப்பது தெளிவில்லாத செய்தியால்தான்.

வேறு வழி இருக்கிறது. அது நடைமுறையிலும் இருக்கிறது. ஜப்பான் 2017இலிருந்து வெள்ள எச்சரிக்கைக்கு வெறும் மழை அளவை அடிப்படையாக வைப்பதில்லை. பெய்த மழை எந்த வழியாக எந்த ஆற்றில் எப்போது சேரும் என்று கணக்கிடும் வடிநிலக் குறியீட்டைச் சுமார் 20,000 ஆறுகளுக்கு ஓயாமல் கணித்து வரைபடத்தில் காட்டுகிறது. பிரான்ஸ் பேராறுகளுக்கு ஒரு சேவையும், அளவைக் கருவி இல்லாத சிற்றாறுகளுக்கு 2017இலிருந்து தனியாக ஒரு சேவையும் நடத்துகிறது. 2007 வெள்ளத்தில் பாடம் கற்ற பிரிட்டன், 2009இல் வானிலைக்காரர்களையும் ஆற்றுப் பொறியாளர்களையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்து வெள்ளக் கணிப்பு மையம் அமைத்தது. இந்தியாவிலும் 2020 அக்டோபரிலிருந்து, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடானையும் சேர்த்துக்கொண்ட தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பு இயங்குகிறது. மண்ணின் ஈரத்தைக் கணக்கில் எடுத்து, இந்தச் சிறு வடிநிலத்தில் இன்னும் எவ்வளவு பெய்தால் வெள்ளம் என்று ஆறு மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் சொல்கிறது. சரியான கேள்வியைக் கேட்கும் கருவி அது. தொலைக்காட்சி வானிலைச் செய்தியில் அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் 1,400 தானியங்கி மழைமானிகள் நிறுவியிருப்பதும் நல்ல செயலே. ஆனால் மழை வானிலைத் துறையிடம், பேராற்று மட்டம் நீர் ஆணையத்திடம், அணையும் ஏரியும் மாநில நீர்வளத் துறையிடம், மக்களை வெளியேற்றும் அதிகாரம் ஆட்சியரிடம், நகர வடிகால் மாநகராட்சியிடம் என்று பிரிந்து கிடக்கும்வரை, ஒரு மழைமானி காட்டும் எண் ஒரு கிராம நிர்வாக அலுவலரின் கையில் கட்டளையாக மாறுவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

அணை திறப்பின் விளைவை முன்கூட்டி வெளியிட்டால் நிலத் தகராறும் வழக்கும் வரும், பாதுகாப்புச் சிக்கல் என்றும் சொல்கிறார்கள். இந்த வாதத்துக்கு இனி இடமில்லை. 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், ஏற்கெனவே உள்ள பெரிய அணைகளுக்கெல்லாம் அவசரகாலச் செயல்திட்டம் ஐந்தாண்டுக்குள் தயாராக வேண்டும் என்கிறது. வரத்தையும் திறப்பையும் கீழே உள்ளோருக்கான எச்சரிக்கையையும் மக்களுக்குத் தெரிவிக்கும் கடமையை அணை உரிமையாளர்மேல் சுமத்துகிறது. அந்தக் கெடு 2026 டிசம்பரில் முடிகிறது. சாத்தனூரில் 50,000 கன அடிக்கு எந்தெந்த ஊர், ஒரு லட்சத்துக்கு எந்தெந்த ஊர், 1.68 லட்சத்துக்கு எந்தெந்த ஊர், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வந்துசேர எத்தனை மணி நேரம் என்ற பட்டியலைத் தமிழில் எழுதி, அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்குப் புதிய ரேடார் எதுவும் வேண்டாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைச் செய்யும்படி நீர்வளத் துறையைச் சட்டமன்றம் கேட்கலாம்.